படுத்துப் பார்த்தால் தெரியும் வழி

அவர் எங்கள் நிலத்துக்கு வந்த முதல் நாள், வேலியைச் சுற்றி வந்து பார்க்கவில்லை. தோளில் இருந்த பையை வேப்பமரத்தடியில் இறக்கினார். சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே போனார். நான்கு பன்றிகள் உறுமிக்கொண்டு விலகின. அவர் நடுவில் போய், சேறாகக் கிடந்த தரையில் குப்புறப் படுத்து, தாடையைக் கைமேல் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தார்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண், வந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத இடத்தில் இப்படிப் படுத்தால் என்ன சொல்வது? என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பன்னிக்குக் கண்ணு இந்த ஒசரத்துலதேன் தம்பி இருக்கு," என்றார், எழாமலே. "நின்னு பாத்தா வேலி தெரியும். படுத்துப் பாத்தாத்தேன் வழி தெரியும்."

பிறகு முழங்காலில் தவழ்ந்தே நான்கு பக்கமும் போய் வந்தார். ஆற்றுப் பக்கத்து மூலையில் கம்பிக்குக் கீழே இரண்டு விரலை விட்டு அசைத்தார். "இன்னைக்கு எதையும் தொட வேணாம். நாளைக்கு இங்கனதேன் வெளிய வரும். ஒரு ஆளு கம்போட நில்லுங்க. எப்படி வருதுன்னு நீங்களே பாத்துக்கிட்டாத்தேன் நான் சொல்றது வெளங்கும்."

மறுநாள் காலை அதே மூலையில், அவர் விரல் விட்ட அதே இடத்தில், பெரிய பெட்டைப் பன்றி மூக்கைச் செருகியது. கொசுவலையைத் தூக்குவது போலக் கம்பியைத் தூக்கியது. நான் கம்போடு நின்றதால் தலையை நீட்டியதோடு சரி. என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அந்தக்காகிட்ட பன்னி நேத்தே சொல்லிருச்சு போல."

அன்றிலிருந்து அவர் விஷயத்தில் எனக்கு இருந்தது வியப்பு மட்டும் இல்லை. கோயிலுக்குள் நுழையும்போது குரல் தானாகத் தாழுமே, அதுமாதிரி ஒன்று. இப்போதும் அவர் பெயரைச் சொல்லிப் பேச எனக்குக் கூச்சம். எல்லாரும் சொன்ன மாதிரி வேலியக்கா என்றே சொல்கிறேன்.

எனக்கு மருந்து கம்பெனி வேலை போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவி கடமலைக்குண்டு பக்கம் டீச்சர். மூல வைகைக் கரையை ஒட்டி மாமனார் வாங்கிப் போட்ட முக்கால் ஏக்கர் சும்மா கிடந்தது. நாங்கள் உத்தமபாளையம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பன்றிக்கறி இல்லாமல் பந்தி கிடையாது. கேரளாவிலிருந்து வியாபாரிகள் வீடு தேடி வந்து வாங்குவார்கள். நான்கு வெள்ளைப் பன்றியோடு ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு ஒர்க்ஷாப்பில் சொல்லி, வீட்டு மனைக்குப் போடுவது போல செயின்லிங்க் கம்பிவலை வேலி போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பன்றிகள் நான்கும் பக்கத்துத் தோட்டத்து நிலக்கடலைக்குள் நின்றன.

பக்கத்துத் தோட்டக்காரர் உழுது பிழைக்கிற அறுபது வயதுச் சம்சாரி. சத்தம் போடவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்தபடி சொன்னார்: "வளக்குறது உங்க பாடு. அது என் வெள்ளாமைக்குள்ள வந்தா என் பாடு. இது மொத தடவ, பேச வந்துருக்கேன். இன்னொரு தடவ வந்துச்சுன்னா பேச வரமாட்டேன்." பேசாமல் என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. காட்டுப்பன்றிக்கு வெடி வைக்கிற ஆட்கள் இருக்கிற வட்டாரம். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர்தான் வேலியக்காவைச் சொன்னார். "இடுக்கிப் பக்கம் எஸ்டேட்டுல இருவது வருசம் இருந்தவுக. அங்க பன்னிப் பண்ணைக்கு வேலி போட்டுப் பழகுனவுக. கூப்பிட்டா வருவாக. ஆனா அவுக சொல்றதக் கேக்கணும்."

கேட்பது எளிதாக இல்லை. அவர் வேலையை ஆரம்பிக்கவே மூன்று நாள் ஆனது. ஒரு நாள் முழுக்கப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எது முதலில் எழுகிறது, எது எங்கே உரசுகிறது, மதியம் வெயில் ஏறினால் எந்த மூலைக்குப் போகிறது எல்லாம் கவனித்தார். பெரிய பெட்டைக்கு "ஆத்தா" என்று பெயர் வைத்தார். "இவதேன் தலைவி. இவ முடியாதுன்னு ஒத்துக்கிட்டா மத்ததெல்லாம் ஒத்துக்கிரும்."

செயின்லிங்க்கைப் பிரித்துப் போட்டார். கல்தூண் ஆறடிக்கு ஒன்று. கட்டம் கட்டமாகப் பற்றவைத்த கனத்த கம்பிவலை. அதைத் தூணின் உள்பக்கம் கட்டச் சொன்னார். நான் வெளிப்பக்கம் கட்டினால் பார்க்க நன்றாக இருக்குமே என்றேன். "யாரு பாக்குறதுக்கு? வெளிய கட்டுனா பன்னி தள்ளுறப்ப கட்டுக்கம்பி மட்டுந்தேன் தாங்கும். உள்ள கட்டுனா தூணே தாங்கும்." ஒன்றரை அடி பள்ளம் தோண்டி வலையை மண்ணுக்குள் இறக்கினார். அடிப்பாகத்தை உள்பக்கமாக மடக்கி விட்டார். தோண்டுகிற பன்றி தன் கால் நிற்கிற கம்பியையே தோண்டிக்கொண்டு கிடக்கும். கட்டுக்கம்பியை முறுக்கியதும் ஒவ்வொரு முனையையும் குறட்டால் வெளிப்பக்கம் வளைத்தார். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் காதைக் கிழிக்கும் என்றார். எத்தனை நூறு முனைகள். ஒன்றைக்கூட விடவில்லை.

கதவை உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தார். பன்றி தள்ளத் தள்ள இறுகும். மேல் கீலைத் தலைகீழாகப் பற்றவைக்கச் சொன்னதும் ஒர்க்ஷாப்காரர் சிரித்தார். "அக்கா, கீலு தப்பா இருக்கு." "தப்பா இருக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா மூக்கால தூக்கிக் கதவக் கழட்டிட்டுப் போயிரும்."

வேலை முடிந்தது என்று நான் நினைத்த அன்றுதான் அவர் வேலையே தொடங்கியது. பன்றிகளை வேறு இடத்தில் கட்டச் சொல்லிவிட்டு, உள்ளே போய், கதவைத் தாழ்போடச் சொன்னார். "இப்ப நான் வெளிய வர்றேன். யாரும் ஒத்தாசைக்கு வர வேணாம்."

தோளால் இடித்தார். முதுகைக் கொடுத்து உன்னினார். படுத்துக்கொண்டு இரண்டு காலாலும் உதைத்தார். கையால் மண்ணைப் பறித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த என் மனைவி, போகப் போகச் சிரிப்பதை நிறுத்தினாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே அடைபட்ட ஒன்று வெளியே வரப் பார்க்கிற முகம். வியர்வையில் சட்டை ஒட்டி, மூச்சு இரைக்க, ஏழாவது தூணுக்கும் எட்டாவது தூணுக்கும் நடுவில் நின்றார். "இங்கன ஒரு வெரக்கட கொடுக்குது."

ஒரு விரற்கடை. அதற்காக அந்த வலையை மொத்தமாகப் பிரித்து மறுநாள் முழுக்கத் திரும்பக் கட்டினார். "பன்னிக்கு வேற வேலையே இல்ல தம்பி. நமக்கு நூறு சோலி இருக்கு. அதுக்கு இந்த ஒரு வெரக்கடதேன் சோலி. நெதம் வந்து தள்ளும்."

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. வடக்கு மூலையில் இரண்டு தூணை நெருக்கமாக நட்டு, நடுவில் ஒரு சந்து விட்டார். கதவு இல்லை, தாழ் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் மட்டும் குறுக்கே. அதற்கு மேலே திறந்தே கிடந்தது. என்னை அங்கே பக்கவாட்டில் நிற்க வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி அளந்தார். "மதி, மதி," என்றார். போதும் என்பதற்கு அவருக்கு மலையாளம்தான் வரும்.

"இவ்வளவு பாடுபட்டு வேலி போட்டுட்டு நீங்களே ஓட்டை விடுறீகளே அக்கா."

"இது ஓட்ட இல்ல. இது ஒங்களுக்கு. வளந்த பன்னி ஒடம்பு இதுல நொழையாது. குட்டி இந்தக் கல்லத் தாண்டாது. மனுசன் மட்டுந்தேன் போகலாம்."

"கதவு இருக்கே."

"கதவுக்குப் போக நேரம் வேணும்." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. சந்து இருந்தது.

ஆத்தா ஒன்பது குட்டி போட்ட நான்காம் நாள் காலையில், ஒரு குட்டி தண்ணீர்த் தொட்டிக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியது. நான் யோசிக்காமல் உள்ளே போய் அதைத் தூக்கினேன். கையில் எடுத்ததும் குட்டி இன்னும் பெரிதாகக் கத்தியது. திரும்பிப் பார்த்தபோது ஆத்தா வந்துகொண்டிருந்தது. பன்றி ஓடி வரும் என்று எனக்குத் தெரியும். இருநூறு கிலோ சதை சத்தமே இல்லாமல் அவ்வளவு வேகமாக வரும் என்று தெரியாது. குட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் ஆத்தா. தொடையில் ஒரு கடி விழுந்தது. அடுத்தது வயிற்றில் விழுந்திருக்கும். என் உடம்பு எப்படியோ அந்தச் சந்துக்குள் பக்கவாட்டில் செருகிக்கொண்டு வெளியே விழுந்தது. ஆத்தாவின் மூக்கு தூணில் மோதிய சத்தம் கேட்டது. கல்தூண் அதிர்ந்தது.

பதினேழு தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். பாராட்டு வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை அவர். "எந்தக் கால மொதல்ல வச்சீக?" என்றுதான் கேட்டார்.

"ஞாபகம் இல்லக்கா."

"கல்லு தடுக்குச்சா?"

"கொஞ்சம்."

"அப்ப ரெண்டு வெரலு கொறைக்கணும்," என்றார். பிறகு, "ஆத்தாவுக்கு மூஞ்சில அடி ஏதும் உண்டா? பாருங்க. அவ மேல தப்பில்ல."

மறுவாரம் வந்து கல்லை உளியால் கொத்தி இரண்டு விரல் குறைத்தார். அன்று நான் வீட்டுக்குள் படுத்திருந்தேன். அவர் என் மனைவியிடம் ஒரு விஷயம் சொன்னாராம். எஸ்டேட்டில் அவருடைய கணவரும் பன்றிக் கொட்டகையில்தான் வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் பெரிய ஆண் பன்றி அவரை மூலையில் ஒதுக்கிவிட்டது. தாழ் வெளியே. வெளியே நின்றது வேலியக்கா. "தாப்பா துரு. கை நடுங்குது. தொறக்க ரெண்டு நிமிசம் ஆச்சு டீச்சர். ரெண்டே நிமிசம்." அதன் பிறகு அந்த மனிதர் ஒன்பது வருடம் மடங்காத காலோடு இருந்து செத்துப்போனார்.

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, "கம்பி வளைக்க வந்துச்சு, வளைச்சேன்," என்றார்.

தொடை ஆறிய பிறகு அவரை வேலி வேலைக்கு அங்கங்கே பைக்கில் கூட்டிப்போவேன். அப்படித்தான் மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். தோப்புக்காரர் எங்களை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். பன்றி வளர்க்கப் போகிறார், பத்து உருப்படி. காட்டுப்பன்றி வந்து சேர்ந்தால் நோய் ஒட்டும், அதனால் சுற்றி ஒரு கம்பி இழுத்து மோட்டார் லயனிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்துவிடலாம் என்றார். "சோலாரு எதுக்குக்கா, அது ஷாக்கு அடிச்சு விட்டுரும். இதுன்னா மறுபடி வராது."

வேலியக்கா இளநீரைப் பாதியில் கீழே வைத்தார். "ஆடு மேய்க்கிற பொம்பள வருவா. வெறகுக்கு வருவாக. ஆனை வரும்."

"ராத்திரி மட்டுந்தேன் போடுவோம்."

"அதுக்குப் பேரு வேலி இல்ல. கண்ணி. நான் கண்ணி வைக்கிறவ இல்ல." எழுந்து பையை எடுத்துக்கொண்டார். தோப்புக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். வேலியக்கா திரும்பவில்லை. பைக்கில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "நேரா ஈபி ஆபீசுக்குப் போங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்." அந்தத் தோப்புக்காரர் எங்கள் பக்கத்தில் செல்வாக்கான ஆள். எனக்குப் பயம். வேலியக்கா ஆபீஸ் வாசலில் என்னை நிற்க வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் வேலியை நான் அவர் கட்டியவற்றிலேயே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் ஒரு பன்றிகூட வெளியே வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் சும்மா பேச வந்தார், பிறகு காபிக்கும் வந்தார். பன்றிகள் வேலியைத் தள்ளிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. ஆத்தா ஒத்துக்கொண்டுவிட்டது என்று வேலியக்கா சொன்னார்.

அந்த வருடம் வருசநாட்டு மலையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் விடிந்தபோது மூல வைகை கரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணிக்குப் பட்டிக்குள் தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. உள்ளே ஆத்தாவோடு சேர்த்து ஆறு பன்றிகள். மேட்டுப்பக்கமாக ஒட்டிக்கொண்டு கத்தின.

கதவைத் திறக்கப் போனேன். தாழ் கழன்றது. கதவு அசையவில்லை. வெள்ளம் உள்ளே கொண்டுவந்த வண்டலும் தென்னை மட்டையும் கதவின் உள்பக்கம் இடுப்பளவு அடைத்துக்கொண்டிருந்தன. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தூக்கிக் கழற்றலாம் என்றால் கீல் தலைகீழாக இருக்கிறது. மண்வெட்டியால் அள்ள அள்ள அடுத்த மட்டை வந்து உட்கார்ந்தது. பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து அள்ளினார். தண்ணீர் தொடைக்கு ஏறியது.

கடமலைக்குண்டில் வேறொரு வேலைக்காக வந்து தங்கியிருந்த வேலியக்கா, என் மனைவி போன் செய்ததும் ஒரு டிராக்டரை நிறுத்தி ஏறி வந்துவிட்டார். வந்தவர் கதவுப் பக்கமே வரவில்லை. தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்தார். மேட்டுப்பக்கத்து வலையிடம் போய், பையிலிருந்து கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்தார்.

"அக்கா, இந்தா கதவு கொஞ்சம் அசையுது," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வேலியை வெட்ட மனம் வரவில்லை. அவருக்கு அந்தத் தயக்கம் ஒரு நொடிகூட இல்லை. மேலிருந்து வெட்டத் தொடங்கினார்.

அவர் கட்டியது அவருக்கே சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கம்பியும் கனம். மேல்பாதி வெட்டியதும் தண்ணீருக்குள் இருந்த பாதி மிச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையோடு முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். எட்டோ ஒன்பதோ தடவை. நானும் தோட்டக்காரரும் வெட்டிய பக்கத்தைப் பிடித்து இழுத்து வளைத்தோம். வழி பிறந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு மேல்.

பன்றிகள் வரவில்லை.

வழி கண்ணெதிரே இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மேடு. ஆறு பன்றிகளும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட வலை இருந்த கோட்டைத் தாண்டவில்லை. இரண்டு வருடமாக அங்கே வழி இல்லை என்று படித்து வைத்திருந்தன. தோட்டக்காரர் கம்பால் விரட்டினார். அவை ஆற்றுப் பக்கம் பின்வாங்கின. "விரட்டாதீக," என்றார் வேலியக்கா. கட்டரைக் கீழே போட்டுவிட்டு, கிழிந்த வலை வழியாக உள்ளே போனார்.

இடுப்பளவு தண்ணீரில் ஆத்தாவிடம் போனார். அதன் கழுத்தில் கையைப் போட்டு, காதோடு வாயை வைத்துப் பேசினார். மழைச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது.

"வா ஆத்தா. நாந்தேன் அடைச்சேன். நாந்தேன் தொறந்துட்டேன். என்னைய நம்பி வா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு அடி அவர் வைத்தார், ஒரு அடி அது வைத்தது. வலை இருந்த கோட்டுக்கு வந்ததும் ஆத்தா நின்று நடுங்கியது. அவர் முதலில் வெளியே வந்து, திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டினார். ஆத்தா மூக்கை நீட்டி, கம்பி இருந்த இடத்தில் வெறும் காற்றை முகர்ந்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் அவரையும் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியது. பின்னாலேயே நான்கு வந்தன.

ஆறாவது, ஒரு இளம் பெட்டை. வழிவரைக்கும் வந்து, பயந்து திரும்பியது. வெள்ளம் அதை ஆற்றுப் பக்கத்து வலையோடு வைத்து அழுத்தியது. அடுத்த முறை பார்த்தபோது அங்கே அது இல்லை. வேலியக்கா மறுபடி உள்ளே இறங்கப் போனார். நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் உடம்பில் அவ்வளவு பலம் இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

மேட்டில் உட்கார்ந்தபோதுதான் அவர் முன்கை இரண்டும் கிழிந்து ரத்தம் ஓடுவதைப் பார்த்தோம். அவர் அதைப் பார்க்கவில்லை. "பன்னி தள்ளுறத யோசிச்சேன்," என்றார். "தண்ணி தள்ளுறத யோசிக்கல. தப்பு என்னுது தம்பி."

ஐந்து பிழைத்ததே உங்களால்தான் என்று என்னென்னவோ சொன்னேன். "அஞ்சு வந்துச்சு. சரி. ஒண்ணு வரல. அது நான் கட்டுனதுலதேன் மாட்டுச்சு," என்றார். ஆறுதல் வாங்கிக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தார். நிலத்தின் மேட்டுப் பாதியில் புதிதாகப் பட்டி போட்டோம். பழைய தூண், பழைய வலை, நிமிர்த்தி எடுத்த கம்பி. எல்லாம் முன்பு போலத்தான். ஒன்று மட்டும் புதிது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வலைத் தட்டியைத் தனியாகச் செய்தார். ஓரத்தில் வரிசையாக வளையங்கள். தூணிலும் வளையங்கள். இரண்டையும் கோத்து மேலிருந்து கீழ் வரை ஒரே ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பியை மேலே உருவினால் தட்டி முழுசாக வெளியே சாயும். பன்றி மூக்குக்கு எட்டாத உயரத்தில், மனிதனின் கை பிடிக்கிற இடத்தில் ஒரு பிடி. எந்தப் பக்கம் தண்ணீர் வந்தாலும், நெருப்பு வந்தாலும், மற்ற மூன்று பக்கம் இருக்கும் என்றார். அந்த நான்கு தட்டிகளைச் செய்ய அவர் எடுத்துக்கொண்ட நேரம், மீதி வேலி முழுக்கக் கட்டிய நேரத்தை விட அதிகம். முடித்ததும் அவர் உள்ளே போய் இடித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் தடவிக் கண்டுபிடித்து உருவிப் பார்த்தார். கை நடுங்கினாலும் வர வேண்டும் என்று, வேண்டுமென்றே கையை நடுக்கிக்கொண்டு ஒரு தடவை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முழங்கால் தேய்ந்து போனதால் இப்போது அவர் கட்டப்பனையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் நானே கூப்பிட்டேன். பேரப்பிள்ளைகள் சத்தம் பின்னால் கேட்டது.

"எத்தன கெடக்கு இப்ப?"

"பதினொண்ணுக்கா. வேலி அப்படியே நிக்குது. ஒரு கம்பி அசையல."

"நிக்கிறது கெடக்கட்டும். தொறக்குதா?"

அந்தப் பிடிகளை நான் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய் வடக்குப் பிடியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூணில் ஊன்றி இழுத்த பிறகுதான் கம்பி ஒரு சாண் மேலே வந்தது. உள்ளங்கை முழுக்கத் துரு.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார். அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலையே நான்கு கம்பியையும் உருவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவினேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் நேராகப் பட்டிக்குப் போய் நான்கு பிடியையும் இழுத்துப் பார்க்கிறேன்.